அழகுத்தாய் வீட்டுப் பீரங்கித் துளை

பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு அழகுத்தாயின் வீட்டுக்கு வயது ஐம்பத்தொன்று. பதினொன்றே காலுக்கு அதே வீட்டுக்கு நூற்று எழுபத்தெட்டு வயது ஆகிவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் அவள் மலைச்சரிவில் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால், வீடு கிழடு தட்டிய விவரம் அவளுக்குத் தெரியாது.

கேரளத்துச் சின்னக்கானலுக்கு மேலே கூட்டுப்பாறைத் தேயிலை எஸ்டேட். தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். ஒரு லயத்தில் எட்டு வீடு. வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அழகுத்தாய்க்கும் அடுப்படி இருந்தது. அடுப்படிக்குப் பின்சுவர்தான் இல்லை. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் காட்டானை ஒன்று வந்து சுவரை முட்டித் தள்ளி, துதிக்கையை உள்ளே விட்டு, ரேஷன் அரிசியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஓர் ஆள் குனியாமல் போய்வரலாம் என்கிற அளவுக்கு ஓட்டை.

அரிசி போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. போடிநாயக்கனூரில் கட்டிக்கொடுத்த மகள் சிவசங்கரிக்கு இப்போது ஏழு மாதம். சித்திரைக் கடைசியில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனை புகுந்த வழி திறந்து கிடக்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே படுக்க வைப்பது? சித்திரைக்குள் சுவர் எழும்ப வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மேனேஜர் ஜோமோனைத் தோட்டத்து ஜனங்கள் இன்னமும் 'தொரை' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழில் பேச ஆரம்பித்து பாதிவழியில் மலையாளத்தில் இறங்கிக்கொள்கிற மனிதர்.

"அழகுத்தாயே, பைல் போயிட்டுண்டு. ஹெட் ஆபீஸ்ல நிக்குது."

"பைல் நிக்குது தொரை. எஞ் சுவரு நிக்கலையே."

"ஆனை இடிச்சா பாரஸ்ட்காரன் கட்டணும். பாரஸ்ட்காரன்ட்ட கேட்டா, வீடு கம்பெனிடெ ஆணு, கம்பெனி கட்டணும்னு சொல்லுவான். அதாணு பிரச்னம்."

"ஆனை யாருது, சுவரு யாருதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிங்க. எம் பிள்ள சித்திரையில வந்துரும்."

ஜோமோன் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அது ஏழாவது குறிப்பு.

நிலைமை இப்படி இருந்தபோதுதான் அந்த பஸ் வந்தது.

கேரளத்தில் ஓர் அரைவருஷம் படித்துவிட்டுப் போக வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளை, வரலாற்றுத் தலங்களுக்கு அழைத்துப் போவதற்கென்றே ஒரு நிறுவனம். பெயர், உலக மரபுக் கல்விப் பயண மையம். ஒரு தலத்தைப் பார்த்தால் படிப்புக் கணக்கில் மூன்று கிரெடிட். அன்றைய அட்டவணைப்படி அவர்கள் பார்க்க வேண்டியது மலைமேல் இருக்கும் கற்காலக் கல்லறைகளை. பூப்பாறை வளைவில் ஏலக்காய் லாரி ஒன்று கவிழ்ந்து பாதையை அடைத்துவிட, பஸ் கூட்டுப்பாறை எஸ்டேட் பக்கம் ஒதுங்கி நின்றது. பஸ்ஸுக்குள் இருபத்திரண்டு மாணவர்கள். மையத்தின் ஒருங்கிணைப்பாளன் ரமேஷ்குமாரின் கையில் ஒரு படிவம். படிவத்தின் நான்காவது கட்டத்தில், 'பகல் பன்னிரண்டு மணிக்குள் பார்த்த வரலாற்றுத் தலம்' என்று அச்சடித்து, கீழே வெற்றிடம் விட்டிருந்தது.

மாணவிகளுக்குக் கழிப்பறை விசாரிக்க லயத்துக்குள் இறங்கினான் ரமேஷ்குமார். ஒரு கதவுக்கு மேலே நீல பெயிண்டில் 1847 என்று எழுதியிருந்தது. மணியைப் பார்த்தான். பதினொன்று பத்து. பஸ்ஸை நோக்கிக் கையைக் காட்டி, எல்லோரையும் இறங்கச் சொன்னான்.

அழகுத்தாய் மதியச் சோற்றுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருபத்திரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவன் ஓட்டையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். டேப்பைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஏனுங்கக்கா, இது உங்க ஊடுங்களா?" என்றான் ரமேஷ்குமார். கொழிஞ்சாம்பாறைக்காரன், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஆமாய்யா. சுவரு வைக்க வந்தவுகளா? இத்தன பேரு வேணாமே, ரெண்டு கொத்தனாரு போதும்."

"அதில்லீங்க்கா. இந்தச் சுவர் எப்பிடி இடிஞ்சதுங்க?"

"ஆனை இடிச்சது. போன மாசி. வெள்ளிக்கிழம."

ரமேஷ்குமார் பிள்ளைகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினான். அவள் சொன்னது ஒரு மூச்சு. அவன் பேசியது கால் மணி நேரம். முடிந்ததும் இருபத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். செம்பட்டைத் தலைமுடிக்காரி ஒருத்தி அழுதேவிட்டாள்.

ஒரு மூட்டை அரிசிக்கு இந்தப் பிள்ளைகள் இப்படி உருகுகின்றனவே என்று அழகுத்தாய்க்கு மனசு கரைந்தது. அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "அழாத தாயி, அரிசி போனாப் போகுது" என்றாள். ரமேஷ்குமார் அதையும் மொழிபெயர்த்தான். இன்னும் மூன்று பேர் அழுதார்கள்.

அவன் என்ன சொன்னான் என்பது பத்து நாள் கழித்து, கதவுக்குப் பக்கத்தில் பலகை நட்டபோதுதான் தெரிந்தது. பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். இந்த வீடு 1847-இல் கட்டப்பட்டதாம். பின்சுவரில் உள்ள துளை, பத்து ஆண்டுகள் கழித்து நடந்த பெருங்கலகத்தின்போது பீரங்கிக் குண்டு பாய்ந்ததாம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இங்கு வாழும் எளிய மக்கள் அந்தப் பீரங்கியை ஒரு யானையாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.'

அழகுத்தாயின் புருஷன் சங்கையா, டீ பேக்டரியில் இலை காயவைக்கிற பகுதியில் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். பலகையைப் படித்துவிட்டு, "பீரங்கி லத்தி போடுமா?" என்றான். கொல்லையில் ஆனை போட்டுவிட்டுப் போன லத்தி அதே இடத்தில் காய்ந்து கிடந்தது.

பலகையைத் திறந்து வைக்க மையத்தின் இயக்குநர் டாக்டர் ராஜசேகர் பாலக்காட்டிலிருந்து நேரில் வந்தார். சந்தன நிறச் சால்வை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் மேடை. மேடைக்குப் பின்னால் அவர் முகம் போட்ட பத்தடி பிளெக்ஸ். அதில், 'வரலாறு உங்களை வரவேற்கிறது.'

"பெருமக்களே," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "இந்த நாட்டில் வரலாற்றுத் தலங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கெல்லாம் ஒரு சங்கடம். வரலாறு தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாம் ஒன்று சொன்னால் கல்வெட்டு வேறொன்று சொல்கிறது. மாணவன் குழம்புகிறான். குழம்பிய மாணவன் அடுத்த ஆண்டு தன் தம்பியை நம்மிடம் அனுப்ப மாட்டான். கூட்டுப்பாறையில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே இருப்பது நான்கு எண்களும் ஒரு துளையும் மட்டுமே. மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம்."

முன்வரிசை கைதட்டியது.

"சிலர் கேட்கிறார்கள், சுவரைக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று. நல்ல சுவர் உள்ள வீடு ஜெர்மனியிலும் இருக்கிறது. அதைப் பார்க்க ஒருவன் இவ்வளவு தூரம் வருவானா? மாணவன் இங்கே வந்து மனம் நெகிழ வேண்டும். சுவர் எழும்பிவிட்டால் நெகிழ்ச்சி போய்விடும். ஆகையால் இந்தத் துளையைத் தொடுவது இன்றுமுதல் குற்றம்."

அதிகம் கைதட்டியவர் ஜோமோன். எட்டாவது குறிப்பு எழுதுகிற வேலை அவருக்கு மிச்சம்.

அன்றிலிருந்து வாரம் மூன்று பஸ். அழகுத்தாயின் வீட்டுக்கு நடைமுறை விதிகள் வந்தன. காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை டி.வி., கேஸ் அடுப்பு, குக்கர், பிளாஸ்டிக் குடம் எதுவும் கண்ணில் படக்கூடாது. 1847-இல் அவை கிடையாது. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மாரீஸ்வரியிடம் கொடுத்து வைத்தாள். மாரீஸ்வரிக்கு எரிச்சல்.

"ஏன் மதினி, ஒரே லயம், ஒரே சுவரு. உங்க வீடு மட்டும் எப்பிடி வரலாறு ஆச்சு? எங்க வீட்டுலயும் ஒழுகத்தான் செய்யுது."

"ஓட்டை இல்லையாம்ல உனக்கு."

"ஆனை வரட்டும், இந்த தடவ எங்க பக்கம் முட்டச் சொல்லுதேன்."

மேலும், பஸ் வருகிற நாளில் அழகுத்தாய் கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஜோமோன் உத்தரவு போட்டார். அவளுக்குப் பயிற்சி கொடுக்க ரமேஷ்குமார் வந்தான்.

"பதினொன்னேகாலுக்கு நீங்க அந்த ஓட்டை வழியா தூரத்துல பாக்கோணுங்க்கா. ஒரு ரெண்டு நிமிசம்."

"என்னத்தப் பாக்க? அங்கிட்டு கக்கூஸுல்ல இருக்கு."

"எதையும் பாக்க வேண்டாமுங்க. சும்மா பாத்தாப் போதும். மொகம் கொஞ்சம் சோகமா இருக்கோணும்."

"மழைக்கு முன்னால சுவரு வரலைன்னு நெனச்சா தன்னால சோகம் வந்துரும்யா."

"அதேதானுங்க. அப்பிடியே வெச்சுக்குங்க."

அவள் பார்த்து முடித்ததும் மாணவர்கள் ஒவ்வொருவராக ஓட்டைக்குள் தலையை விட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்கள். இதற்குத் துளைத் தியானம் என்று பெயர். பிறகு கையேட்டில் எழுதுவார்கள். 'நெகிழ்ந்தேன், மிகவும் நெகிழ்ந்தேன், கண்ணீர் விட்டேன்' என்று மூன்று கட்டம். ஒன்றில் டிக் போட்டால் போதும். நெகிழவில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஐந்தாவது பஸ்ஸில்தான் வில்லங்கம் வந்தது. இங்க்ரிட் என்று ஒரு பெண். நார்வேக்காரி, பனைமரம் மாதிரி உயரம். எல்லோரும் ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் லயத்தின் முன்பக்கமாக நடந்து, ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். திரும்பி வந்து ரமேஷ்குமாரிடம் என்னவோ கேட்டாள். அவன் கையேட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"என்னய்யா கேக்குது அந்தப் பிள்ள?" என்றாள் அழகுத்தாய்.

"இந்தப் பக்கத்து ஊடு 1846, அந்தப் பக்கத்து ஊடு 1848, அதுக்கடுத்தது 1849. இது எப்பிடின்னு கேக்குதுங்க."

ரமேஷ்குமார் இயக்குநருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் இயக்குநர் கொஞ்சமும் தயங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் தரத்தில் சமரசம் செய்யாதவர்கள் என்றார். வருஷத்துக்கு ஒரு வீடுதான் கட்டினார்களாம். இந்த ஒரு லயத்தை முடிக்க எட்டு வருஷம் எடுத்துக்கொண்டார்களாம். இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். இங்க்ரிட் எழுதவில்லை. அவளுக்கு அந்தத் தலத்துக்கான மூன்று கிரெடிட்டும் கிடைக்கவில்லை.

பஸ் கிளம்புவதற்கு முன் அழகுத்தாய் ரமேஷ்குமாரைத் தனியாக நிறுத்தினாள்.

"ஏய்யா, அது வருசமில்ல. பதினெட்டாம் வார்டு, நாப்பத்தேழாம் வீடு. பஞ்சாயத்துக்காரன் எழுதிட்டுப் போனது. நடுவுல ஒரு கோடு கெடந்துச்சு. பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரரு லயம் பூராவும் வெள்ளையடிக்கையில எல்லாக் கோடும் அழிஞ்சுபோச்சு. இந்த லயம் பத்தொம்பது நூத்தி எழுபத்தி நாலுல கட்டுனது. எங்க மாமனாரு கல்லு சொமந்தாரு."

ரமேஷ்குமார் பஸ் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, "தெரியுமுங்க்கா" என்றான்.

"தெரியுமா?"

"எங்க ஊட்டு மேலயும் இப்பிடித்தான் நம்பர் போட்டிருக்குதுங்க. அன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஒரு தலம் காட்டலீன்னா என்னைய வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்க. நெதம் நெதம் நெசத்தச் சொல்லிப்போடலாம்னுதான் பஸ் ஏறறனுங்க. இறங்கறப்ப பலகை முன்னால நிக்குது. இப்பச் சொன்னா பொய் சொன்னது நான்னு ஆயிருமுங்க."

"அப்ப எம் பிள்ள எங்க படுக்கும்?"

ரமேஷ்குமார் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அழகுத்தாய் மறுநாளே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அது வீட்டு நம்பர்தான், வருஷமில்லை என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் பலகையை எடுத்தே ஆகவேண்டும். பலகை போனால் துளை வெறும் ஓட்டையாகிவிடும். ஓட்டையை அடைக்க யாரும் தடுக்க முடியாது. வழியெல்லாம் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

கிளார்க் இன்னாசிராஜ் தமிழ்க்காரர், தன்மையான மனிதர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"பதினெட்டுல நாப்பத்தேழு... ஆள் குடியிருக்காத, தாமசம் இல்லாத பாதுகாக்கப்பட்ட இடம்னு வருதேக்கா. மையத்துலேர்ந்து எழுதிக் குடுத்திருக்காக. எஸ்டேட்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கு."

"நான் அங்கனதான தாமசம் இருக்கேன்."

"நீங்க இருக்கீக. இடத்துல ஆளு இல்ல."

"அது வீட்டு நம்பருன்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க சார்."

"வீடு இருந்தாத்தான வீட்டு நம்பருன்னு எழுத முடியும்? இப்ப அது வீடு இல்லையேக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு சங்கதி. ரேஷன் கார்டுல இதே நம்பருதான் கெடக்கு. விலாசம் போன கார்டுக்கு இந்த மாசத்துலேர்ந்து அரிசி நின்னுரும். முன்கூட்டியே சொல்லிப்புட்டேன், கடையில போய் சத்தம் போடாதீக."

திரும்பி வருகிற ஜீப்பில் அழகுத்தாய் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வளைகாப்புக்குப் பதினாலு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் சங்கையாவிடம் சொன்னாள். சங்கையா தன் நாலு வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தான்.

"ஞாயித்துக்கெழம."

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, பெரட்டு கிடையாது. ஆனை தள்ளிய கல் கொல்லையிலேயே கிடந்தது. சாந்தன்பாறையில் ஒன்றரை மூட்டை சிமெண்டு வாங்கினார்கள். மண் குழைத்தார்கள். மாரீஸ்வரி, 'வரலாறு போகுதே மதினி' என்று சொல்லிக்கொண்டே கல் எடுத்துக் கொடுத்தாள். மூன்றரை மணிக்குச் சுவர் முடிந்தது. கோணல்தான். ஆனால் சுவர். அழகுத்தாய் உள்ளே நின்று உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அடுப்படியில் காற்று அடங்கியிருந்தது. மகளுக்குப் போன் போட்டு, "வச்சாச்சு தாயி" என்றாள்.

சுவருக்கு ஆயுசு நாலு நாள்.

செவ்வாய்க்கிழமை முப்பது பேர் வந்தார்கள். வரிசையில் முதலில் நின்ற பையன் தியானத்துக்குத் தலையை நீட்டி, மூக்கை இடித்துக்கொண்டான். ரமேஷ்குமார் போனை எடுத்தான்.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், ஜோமோன். இந்தப் பக்கம் அழகுத்தாய், நின்றபடி. மேஜை மேல் ஓட்டையின் பெரிய போட்டோ. சாவு வீட்டில் வைப்பது போல் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

"அம்மா, நீங்கள் சுவர் கட்டியதாக நினைக்கிறீர்கள்," என்றார் இயக்குநர் மிருதுவாக. "இல்லை. நீங்கள் ஒரு துளையை அழித்திருக்கிறீர்கள். உலகத்தில் எத்தனையோ கோடி சுவர்கள் உண்டு. அந்தத் துளை ஒன்றுதான்."

"அது ஆனை போட்ட ஓட்டை சார். ஆனையே இன்னும் இங்கனதான் திரியுது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"உங்கள் நினைவை நான் மதிக்கிறேன். பலகையிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறோம். நீங்கள் நினைப்பதை எல்லாம் மையம் பாதுகாக்கும். நீங்கள் கேட்பதை எல்லாம் செய்ய முடியாது. அது வேறு துறை."

"எம் பிள்ளைக்கு ஒன்பது மாசம் சார்."

இயக்குநர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "பிரசவம் இங்கேயா? பஸ் வருகிற நாளாக அமையுமா?"

ஜோமோன் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"லயம் கம்பெனி சொத்து. தொழிலாளி சுவரில் கை வெக்கக்கூடாது, பாடில்லா. தெரியாமச் செஞ்சு, மன்னிக்கணும்னு எழுதியிருக்கு. ஒப்பு வெச்சா தோட்டத்துல நிக்கலாம். இல்லெங்கில் நாளைக்குப் பெரட்டுக்கு வர வேண்டா. வேலை போனா வீடும் ஒழியணும், அறியுமல்லோ."

வேலை போனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சுவர் இல்லாத வீட்டையாவது காப்பாற்றிக்கொள்ள அவள் கையெழுத்துப் போட்டாள்.

துளையை மீட்டெடுக்கிற பணி அடுத்த நாளே தொடங்கியது. போடியிலிருந்து கொத்தனார் வீரபாண்டி வந்தார், இரண்டு ஆட்களோடு. பழைய போட்டோக்களை வைத்து அளவு போட்டுச் சுவரை உடைத்தார்கள். ஆனை முட்டியபோது மேல்பக்கம் வளைந்திருந்ததாம், இடதுபக்கம் மூன்று பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததாம். எல்லாம் அதே மாதிரி வரவேண்டும் என்று உத்தரவு. விளிம்பு மேலும் சரிந்துவிடாதபடி உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மேலே பழசு போலத் தெரிய மண் பூசினார்கள். இந்த லயத்துக்குக் கம்பி வைத்து கான்கிரீட் போட்டது ஐம்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"முப்பது வருசமா சுவரு வச்சிருக்கேன் மதினி," என்றார் வீரபாண்டி, கரண்டியைக் கழுவிக்கொண்டே. "ஓட்டை வைக்கிறது இதான் மொத தடவ. ஆனா வேல சுத்தம். ஆனையே வந்து முட்டுனாலும் இந்த ஓட்டை அசையாது பாத்துக்கிடுங்க."

மறுதிறப்பு விழா வளைகாப்புக்கு முந்தின நாள். மூன்று பஸ். இயக்குநர் துளைக்குக் குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். அழகுத்தாய்க்கு 'வாழும் மரபு' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். ஏதாவது சொல்லச் சொன்னார்கள். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆனை திரும்பி வந்தா என்ன செய்ய?"

இயக்குநர் புன்னகையோடு, "யானை எதற்காக வருகிறது அம்மா?" என்றார்.

"ரேசன் அரிசிக்கு."

"ரேஷன்தான் நின்றுவிட்டதே. அரிசி இல்லாத இடத்துக்கு யானை வராது. பாருங்கள், நீங்கள் இரண்டு மாதமாக அலைந்த பிரச்சினையை, ஒரு செங்கல் கூட வைக்காமல் மையம் அடியோடு தீர்த்துவிட்டது."

நெடுநேரம் கைதட்டல். ரமேஷ்குமார் மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களும் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை போடியில் வளைகாப்பு. அழகுத்தாயும் சங்கையாவும் போடிமெட்டு இறங்கிப் போனார்கள். ஐந்து வகைச் சாதம், மஞ்சள் பூசிய கன்னம், கை நிறைய வளையல். சிவசங்கரி பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். சம்பந்தியம்மா நல்ல மாதிரி, கோபமாகப் பேசவில்லை. அன்றைய பேப்பரைத்தான் எடுத்து வந்தாள். அதில் கால் பக்கத்துக்கு ஓட்டையின் படம். ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அழகுத்தாய், சோகமாக. பதினொன்றே கால் மணிக்கு எடுத்தது.

"தப்பா எடுத்துக்காதீக மதினி. வழக்கம் தெரியாம இல்ல. வீட்டப் பேப்பருலயே பாத்தாச்சு. நம்ம வீட்டுல சுவரு இருக்கு. பிள்ள இங்கனயே இருக்கட்டும்."

சிவசங்கரி பையிலிருந்து ஒவ்வொரு சேலையாக எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. சங்கையா வெளியே போய் நின்றுகொண்டான். அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை கூடச் செலவழிக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. காலேஜ் அரைவருஷம் முடிந்து பஸ்கள் நின்றன. அடுத்த கூட்டம் ஆவணியில் வரும் என்று ஜோமோன் சொன்னார். பெரட்டுக்களத்தில் கிடந்த பிளெக்ஸை அழகுத்தாய் அவிழ்த்து வந்து ஓட்டைக்குக் குறுக்கே கட்டினாள். துளையைத் தொடத்தான் தடை. மறைக்கத் தடை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முகம் போட்ட பக்கம் உட்புறமாக அமைந்துவிட்டது. காற்று அடிக்கும்போதெல்லாம் இயக்குநரின் கன்னம் உப்பி உப்பி அடங்கியது. 'வரலாறு உங்களை வரவேற்கிறது' என்ற எழுத்துக்குக் கீழே தண்ணீர் வடிந்து அடுப்பை நனைத்தது. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. சிவசங்கரி. பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள்.

"பேரு வச்சாச்சும்மா. நீ இல்லாமயே வச்சுட்டாக."

"நல்ல பேராத்தான் வச்சிருப்பாக. பால் இருக்கா?"

"இருக்கு." போனுக்குள் குழந்தை சிணுங்கியது. "மூணாம் மாசமாச்சும் அங்க வந்து இருக்கட்டாம்மா? பிள்ளைக்கு உன்னக் காட்டணும்ல. ஆனை வருமோன்னுதான் அத்த பயப்படுறாக. ஆனை வருமா?"

அழகுத்தாய் உப்பி அடங்கும் கன்னத்தைப் பார்த்தாள். பக்கத்தில் காலிச் சாக்கு மடித்து வைத்திருந்தது.

"ஆனை ஏன் வருது தாயி? அரிசி இல்லாத வீட்டுக்கு ஆனை வராது," என்றாள். "படிக்க வர்றவுகதான் வருவாக."